வண்ணப் படம் மட்டும் போதாது!

வீட்டுச் சன்ஷேடைப் பாருங்கள். ஒரு முனை சுவரில், மறுமுனை அந்தரத்தில். பாரம் ஏறினால் சுவரோரம்தான் விரிசல் விழும். இதையே தலைமுடித் தடிமன் அளவு நீளத்தில் செய்தால் மைக்ரோ கேன்டிலீவர். வெடிமருந்தைக் கண்டறிய மும்பை ஐ.ஐ.டி.யில் இவ்வகைச் சென்சார்களை உருவாக்கினார்கள். ஆவி ஒட்டியதும் இது வளையும்.

செய்து பார்த்து உடைப்பது பெருஞ்செலவு. ஆகவே முதலில் கம்ப்யூட்டரில் வளைத்துப் பார்க்கிறார்கள். இதற்கு விலை உயர்ந்த சாப்ட்வேர்தான் வேண்டும் என்பதில்லை. பின்லாந்தின் சி.எஸ்.சி. மையம் வழங்கும் 'எல்மர்' இலவசம். தச்சநல்லூரில் என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இயங்குகிறது.

எல்மர், பொருளைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, உள்ளே ஏற்படும் தகைவை வண்ணத்தில் காட்டும். அந்த வண்ணத்தை அப்படியே நம்பாதீர்கள். சுவரோரக் கூர்மூலையில் கட்டங்களைச் சிறிதாக்கினால் தகைவு ஏறிக்கொண்டே போகும், முடிவே இராது. மூலையிலிருந்து சற்றுத் தள்ளிப் பாருங்கள். முனையில் அதே சிறிய விசையைக் கொடுத்து, தடிமனைப் பாதியாக்குங்கள். தகைவு 4 மடங்கும் வளைவு 8 மடங்கும் ஆக வேண்டும். ஆகவில்லையா? எங்கோ பிழை இருக்கிறது.

புராஜெக்ட் செய்யும் மாணவர்களே, மவுஸுக்குப் பக்கத்தில் பேப்பரும் பேனாவும் இருக்கட்டும்.