மண்டைக்குள் ஒரு வடிகால்

என் நண்பன் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறான். ஹெல்மெட் வைத்திருக்கிறான். தினமும் அதை பைக்கின் கண்ணாடியில் மாட்டி, எண்ணூர் நெடுஞ்சாலையில் பத்திரமாக அழைத்துப் போய் பத்திரமாக அழைத்து வருவான். கண்ணாடிக்கு இதுவரை ஒரு கீறல் கிடையாது.

நாலு மாசம் முன்னால், கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே சந்து தேடி நுழைந்து விழுந்தான். தலை கல்லில் மோதியது. வெளியே சொட்டு ரத்தம் இல்லை. "ஒண்ணியும் இல்லபா, லைட்டா வலி" என்று ஒரு மாத்திரையைப் போட்டுப் படுத்துவிட்டான். ராத்திரி ரெண்டு தடவை வாந்தி. அவன் மனைவி 108-ஐக் கூப்பிட்டார். ஸ்கேனில் தெரிந்தது, மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு.

மூன்றாம் நாள் படுக்கையில் என்னைக் கேட்டான்: "ரத்தம்தான் நின்னுடுச்சே, ஏன் வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்றாங்க?"

"2023 டிசம்பர் ஞாபகம் இருக்கா?" என்றேன். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. மழை நின்றது, வெள்ளம் வடிந்தது. ஆனால் எர்ணாவூர் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு வடியவில்லை. மீனவர்கள் வாளியும் மக்குமாக எண்ணெயை மொண்டு கொட்டினார்கள்.

மண்டைக்குள்ளும் அதே கதைதான். மூளை ஒரு தெளிந்த நீரில் மிதக்கிறது. எந்த நேரமும் இருப்பு சுமார் 150 மில்லி. ஒரு நாளைய உற்பத்தி சுமார் 500 மில்லி. அதாவது தினம் மூணு தடவைக்கு மேல் தண்ணீர் மாற்றுகிறார்கள். நம் தெருவுக்கு இந்த பாக்கியம் இல்லை. ரத்தக்குழாய்களைச் சுற்றி உறை மாதிரி இருக்கும் இடைவெளி வழியாக இந்த நீர் மூளைக்குள் இறங்கி, கழிவை அலசிக்கொண்டு வெளியேறுகிறது. நாடித்துடிப்புதான் பம்ப். 2012-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கென் நெடர்கார்டின் குழு இதற்கு 'கிளிம்ஃபாட்டிக்' என்று பெயர் வைத்தது. தூங்கும்போது அலசல் ஜாஸ்தி என்று 2013-ல் எலிகளை வைத்துச் சொன்னார்கள். 2024-ல் லண்டன்காரர்கள் வேறு எலிகளை வைத்து, இல்லை என்றார்கள். சண்டை நடக்கிறது.

ரத்தம் கசிவது இந்த நீர் ஓடும் இடத்திலேயேதான். அது உறைந்தால் ஃபைப்ரின் என்கிற இழை, அந்தச் சின்னச் சின்ன வாய்க்கால்களில் போய் அடைத்துக்கொள்ளும். 2014-ல் பிரான்சில் எலிகளிடம் பார்த்தபோது, கசிவுக்குப் பிறகு நீர் உள்ளே இறங்குவது வெகுவாகக் குறைந்திருந்தது. உறைவைக் கரைக்கும் மருந்தை உள்ளே செலுத்தியதும் கொஞ்சம் சரியானது. மனிதர்களுக்கு அது இன்னும் வழக்கமான வைத்தியமாகவில்லை. சிலருக்கு நீரே தேங்கி, மண்டையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் போட வேண்டிவரும். கசிவு நின்ற பிறகும் டாக்டர் விடாமல் பார்ப்பது இதற்கெல்லாம்தான்.

எல்லாக் கசிவும் அவசரமாக வராது. சத்குரு ஜக்கி வாசுதேவ் நாலு வாரம் கடுமையான தலைவலியோடு மகா சிவராத்திரி விழாவையும் நடத்திவிட்டு, 2024 மார்ச்சில் டெல்லியில் மூளை அறுவை சிகிச்சைக்குப் போனார். ஆகவே தலையில் அடிபட்டு வாந்தி, குழப்பம், அளவுமீறிய தூக்கம், ஏறிக்கொண்டே போகும் வலி என்றால் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். ஆஸ்பிரின் கசிவைக் கூட்டவும் செய்யும். அடிபடாமலேயே இடி விழுந்தாற்போல் தலைவலி வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

நண்பன் வேலைக்குத் திரும்பிவிட்டான். முன்பெல்லாம் கன்டெய்னர் நம்பரை மனப்பாடமாக ஒப்பிப்பவன், இப்போது ரெண்டு தடவை பேப்பரைப் பார்க்கிறான். அடியினாலா, அடைப்பினாலா? டாக்டரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. போகப் போகச் சரியாகலாம் என்கிறார்.

ஹெல்மெட் தலைக்குக் குடியேறிவிட்டது. நேற்று ஆபீஸ் வாசலில் அவன் பைக்கைப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கீறல்.