அச்சம் பரப்பும் வினை

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையை வருத்திய ஞான்று, வாட்ஸ்அப் வழியே இரு பொய்கள் பரவின. பண்ணையினின்றும் முதலைகள் தப்பின என்பது ஒன்று. 250 சென்டிமீட்டர் மழை பெய்யுமென நாசா கூறிற்று என்பது மற்றொன்று. இரண்டும் மறுக்கப்பட்டன, ஆயினும் துயருற்றார் நடுக்கம் இரட்டித்தது.

2018 மே மாதத்தில் நிகழ்ந்ததோ கொடிது. போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வ வழிபாட்டிற்குச் சென்ற 65 அகவை மூதாட்டியார், சிறுவர்க்கு இனிப்பு அளித்தமையாற் பிள்ளை பிடிப்பவரென ஐயுற்ற கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வையத்தை வளர்த்தன கைபேசியிற் சுற்றிய பொய்ச்செய்திகளே.

“யாம் புனைந்திலேம்; வந்ததை விடுத்தேம்; மெய்யாயிற் பிறர்க்குக் காவலன்றோ?” என்பர் சிலர். அது பொருந்தாது. என்னை? மெய்யறிந்து உரைப்பதே காவல்; ஆராயாது உரைப்பது கேடு. மனம், வாக்கு, காயம் மூன்றானும் வினை ஈட்டப்படும் என்பது சித்தாந்தம். ஆகலின் விரலசைவும் வினையே.

பலர் தொடுஞ் செய்தியை முன்னிறுத்துவது சமூக ஊடகங்கள் பலவற்றின் இயல்பு. அச்சமும் வெகுளியுமே விரைந்து தொடுவிப்பன. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒருகால் ஐந்திடத்திற்கு மேல் ஒரு செய்தியை விடுத்தலாகாதென வரையறுக்க முற்பட்டது. கருவிக்கு வரம்பு அமைந்தது. நம் உள்ளத்திற்கு வரம்பு அமைப்பார் யார்? மயிலைக் கபாலீச்சரத்திற் திருநீறு அணியும் விரல்களாற் பொய்யை விடுத்தல் ஒழிக.