"மெஷின் சொல்லுச்சு" என்று சொல்லி எங்கள் பால் காசைப் பிடிக்காதே!



விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சாணி அள்ளி, தீவனம் வைத்து, பால் கறந்து, சொசைட்டி வாசலில் கேனோடு நிற்கிறோம். நம் பாலுக்கு விலை வைப்பது யார்? மேஜை மேல் இருக்கும் ஒரு பெட்டி! பேட் இவ்வளவு, இதர சத்து இவ்வளவு என்று எண் காட்டுகிறது. "ஏங்க இவ்வளவு குறைச்சல்?" என்று கேட்டால், "மெஷின் சொல்லுச்சு, நான் என்ன பண்ண?" என்கிறார்கள்.

எங்கள் ஊரில் நடந்ததைக் கேளுங்கள். சொசைட்டியில் ஊற்றும்போது சராசரி பேட் 4.1. அதே பால், பால் பண்ணைக்குப் போய் ஒளிக்கருவியில் வைத்ததும் 3.8. குறைந்த பணம் யார் தலையில் விழுந்தது? நம் தலையில்தான். லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைந்தாலே, தினம் 10 லிட்டர் ஊற்றுகிறவருக்கு வருஷத்துக்கு 3,650 ரூபாய் போச்சு!

பெட்டிக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை. ஊர் சொசைட்டிகளில் பெரும்பாலும் இருப்பது, பாலுக்குள் ஒலி அலையை அனுப்பி அளக்கும் சின்னக் கருவி. பெரிய பால் பண்ணை ஆய்வகத்தில் இருப்பது அகச்சிவப்பு ஒளிக்கருவி. கொழுப்பு, புரதம், சர்க்கரை எல்லாம் பாலில் கலந்து கிடந்தாலும், ஒவ்வொன்றும் தனக்கென்று சில அலைநீளத்து ஒளியை உறிஞ்சும். கொழுப்பு 5.7 மைக்ரான் பக்கம், புரதம் 6.5 பக்கம், பால் சர்க்கரை 9.6 பக்கம். எந்த ஒளி எவ்வளவு குறைந்து வெளியே வருகிறதோ, அதை வைத்து எது எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். இதற்குப் பெயர் நிறமாலை முறை. நல்ல விஞ்ஞானம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்! ஒளி "பேட் 3.8" என்று சொல்வதில்லை. "இவ்வளவு ஒளி குறைந்தது" என்று மட்டுமே காட்டும். இவ்வளவு குறைந்தால் இவ்வளவு பேட் என்ற கணக்கை மனிதன்தான் கருவிக்குள் ஏற்றுகிறான். ஆசிட் ஊற்றிச் சுழற்றிப் பார்க்கும் கெர்பர் முறை போன்ற சோதனையில் அளவு தெரிந்த பாலை வைத்து, அந்தக் கணக்கை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். காலிபரேஷன் என்பது இதுதான். எடைக்கல்லே தப்பாக இருந்தால் தராசு நேராக நின்று என்ன பயன்? பாலை நன்றாகக் கலக்காமல் சாம்பிள் எடுத்தாலும், கருவியைக் கழுவாமல் விட்டாலும் எண் மாறிப்போகும்.

"மெஷினே வேண்டாம், லாக்டோமீட்டர் போதும்" என்கிறார்கள் சிலர். நம் சங்கம் அதை ஏற்கவில்லை. தண்ணீர் ஊற்றிச் சர்க்கரை போட்டால் லாக்டோமீட்டர் ஏமாந்து போகும். நேர்மையாக ஊற்றுகிறவனுக்குத்தான் நல்ல கருவி அவசியம். மெஷின் இருக்கட்டும், அதன் கணக்கு நம் கண்ணுக்குத் தெரியட்டும்!

நமது கோரிக்கைகள்:

* மாதம் ஒருமுறை உற்பத்தியாளர் முன்னிலையில் காலிபரேஷன் செய்! தேதியை எழுதி ஒட்டு!

* ஒவ்வொரு வேளையும் அச்சிட்ட சீட்டு கொடு!

* சந்தேகம் என்று கேட்டால், அதே சாம்பிளைக் கெர்பர் முறையில் எங்கள் எதிரே பார்!

* சொசைட்டி அளவும் பண்ணை அளவும் வேறுபட்டால், காரணம் தெரியும்வரை பணம் பிடிக்காதே!

உற்பத்தியாளர்களே! சீட்டு வாங்காமல் வாசலை விட்டு நகராதீர்கள். வாங்கிய சீட்டை எல்லாம் சேர்த்து வையுங்கள். நாளைக்கு அதுதான் நம் சாட்சி.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! உரிய விலை பெறுவோம்!

இப்படிக்கு,
செயலாளர், விவசாயிகள் சங்கம்