நீல இன்ஹேலர் சீக்கிரம் தீர்ந்துபோகிறதா?

என் கணவருக்கு ஆஸ்துமா. மூச்சு வாங்கினால் நீல நிற இன்ஹேலரை அடித்துக்கொள்வார், உடனே சரியாகிவிடும். இப்போது தினமும் அடிக்கிறார். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். பயப்பட வேண்டுமா, டாக்டர்?

கை நடுக்கத்தைவிட, 'தினமும் அடிக்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்களே... அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

நீல இன்ஹேலரில் பெரும்பாலும் இருப்பது சால்பியூட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைகளில் 'பீட்டா-2' என்ற ஏற்பிகள் உண்டு. மருந்து அவற்றைத் தூண்டியதும் இறுகிய தசை தளர்ந்து, சில நிமிடங்களில் மூச்சு சீராகும். பலன் 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். கைத்தசையிலும் இதயத்திலும் இந்த ஏற்பிகள் இருப்பதால்தான் நடுக்கமும் படபடப்பும். 'இன்ஹேலர் வேண்டாம், மாத்திரை போதும்' என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது, 100 மைக்ரோகிராம் இன்ஹேலரை 40 முறை அடிக்கும் அளவு!

ஆனால் ஆஸ்துமாவின் வேர், மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சி. சால்பியூட்டமால் அதைக் குறைப்பதில்லை. நிம்மதி கிடைத்துக்கொண்டே இருக்க, உள்ளே வீக்கம் வளரும். ஒருநாள் எத்தனை முறை அடித்தாலும் மூச்சு திரும்பாத நிலை வரலாம். அதனால்தான், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று 'ஜினா' என்ற சர்வதேச ஆஸ்துமா அமைப்பு 2019-ல் பரிந்துரைத்தது. அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் தேவை. அதில் மருந்து மிகக் குறைந்த அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. 'பழக்கமாகிவிடும்' என்று அஞ்ச வேண்டாம்.

வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்பட்டாலோ, 200 முறை அடிக்கக்கூடிய இன்ஹேலர் வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலோ, நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். இந்த வாரமே நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இன்ஹேலரை அவர் முன்னால் அடித்துக்காட்டச் சொல்லுங்கள். முறை தவறினால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும்.

படபடப்புக்கென்று மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்கித் தராதீர்கள். புரோபிரனலால் போன்றவை இதே ஏற்பிகளை அடைத்து, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும்.

இன்ஹேலர் அடித்தும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.