உடனிருந்து பேசுகிறவர்

நோயாளி, மருத்துவர், மருந்து என்று மூன்றோடு நிறுத்தாமல், உடனிருந்து கவனிப்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நான்காகப் பகுத்தார் திருவள்ளுவர். அந்த நான்காமவரைத்தான் நாம் இன்று 'சிஸ்டர்' என்று அழைக்கிறோம். அவர் போடும் ஊசியைச் சிகிச்சை என்கிறோம். அவர் பேசும் பேச்சைச் சிகிச்சையாக நினைப்பதில்லை. இது சரிதானா?

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் நிலையம் 1955 முதல் இயங்கி வருகிறது. தொழுநோய்க்கு நோயின் தன்மையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதிலுள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரைச் சிவப்பாக்கும். குளோஃபாசிமின் தோலைக் கருக்கச் செய்யும். மருந்தை நிறுத்தியபின் அந்தக் கருமை மெல்ல மறையும் என்பதை யாரும் சொல்லாவிட்டால், பயந்துபோனவர் பாதியிலேயே மாத்திரையை விட்டுவிடுவார். கிருமி அழிந்த பிறகும் மரத்துப்போன பாதத்துக்கு உணர்வு திரும்பாமல் போகலாம். தினமும் பாதத்தைப் பார்ப்பதும், ஊறவைத்து எண்ணெய் தடவுவதும், மென்மையான செருப்பு அணிவதும்தான் அங்கே மருந்து. இதைக் கற்றுத்தர வாய்ச்சொல்லைத் தவிர வேறு வழியில்லை.

தினமும் பாதத்தைப் பார்ப்பதும், மென்மையான செருப்பு அணிவதும் சர்க்கரை நோயாளிக்கும் பொருந்தும். ஆனால் சொல்லும் முறை மாற வேண்டும். கொக்கிலமேட்டிலோ தேவனேரியிலோ படகை மணலில் தள்ளிப் பிழைக்கும் மீனவரிடம், "வெறுங்காலோடு நடக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். அவர் வேலையை விசாரித்தறிந்து, "கரையேறியதும் உள்ளங்காலைக் கழுவிப் பாருங்கள் அண்ணே" என்றால் அது வீட்டுக்குப் போய்ச் சேரும். மறைமலை நகர்ப் பக்கம் வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளிக்கு அவருடைய மொழியில் பேச ஓர் ஆள் வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரிடமோ, பேசுவதைவிடக் கேட்பதே பெரிது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்தப் பேச்சை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது நல்ல செய்தி. ஆனால் பேச்சுக்கு நம்பிக்கை வேண்டும். நம்பிக்கை வளர, பழகிய முகம் வேண்டும். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட செவிலியருக்கு 2022 டிசம்பர் 31-உடன் பணி முடிந்தது. ஆபத்தில் அழைத்தவர்களை ஆபத்து தணிந்ததும் அனுப்பிவிடுவது எவ்வகை நீதி?

"சிஸ்டர் எரிந்து விழுகிறார்" என்ற குறையையும் நாம் அடிக்கடி கேட்கிறோம். ஏழையை அதட்டுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆயினும் நிரம்பி வழியும் வார்டை ஒன்றிரண்டு பேரிடம் ஒப்படைத்துவிட்டு இன்சொல்லை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. ஒவ்வொரு நோயாளிக்கும் சில நிமிடங்கள் கிடைக்கும்படி பணியிடங்களை நிரப்புவது சலுகை அல்ல, சிகிச்சையின் பகுதி.

நம் பங்கிலும் செய்யக்கூடியது உண்டு. அன்பியத்தில் தனியாக வாழும் முதியவர் மருத்துவமனைக்குச் செல்லும்போது ஒருவர் உடன் செல்வோம். செவிலியர் சொன்னதை அங்கேயே திரும்பச் சொல்லி, "சரிதானே சிஸ்டர்?" என்று கேட்போம். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். புறப்படும்போது அவருக்கு ஒரு நன்றியும் சொல்வோம். நாள் முழுதும் பிறருக்குப் பேசியவர் அல்லவா!