அளந்தது யார்?

சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஈ.எஸ்.ஜி. என்கிறார்கள். காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் வாயில் இந்தச் சொல் அடிக்கடி அடிபடுகிறது. கம்பெனிகளின் ஆண்டறிக்கையிலும் இதற்கென்று பல பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. மரமும் மலையுமாக உள்ள படங்களைப் பார்த்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அப்படிப் புரட்டிவிடக் கூடாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது கம்பெனி விருப்பப்பட்டுப் போடும் விளம்பரம் அல்ல. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2021 மே மாதத்தில் இதற்கென்று ஒரு படிவத்தைக் கொண்டுவந்தது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள கம்பெனிகள் 2022-23 முதல் அதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். எடுத்த தண்ணீர், எரித்த மின்சாரம், சேர்ந்த கழிவு, விபத்துகள், ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கை, கட்டிய அபராதம், ஊரார் கொடுத்த புகார்கள் எல்லாமே அதில் வரும்.

இந்த மூன்றும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சுற்றுச்சூழல் என்றால் என்ன என்று காக்கநாட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2023 மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பை மேட்டில் பிடித்த தீ, ஏறக்குறைய 12 நாள் நம்மைப் புகையில் வைத்தது. பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது கம்பெனி விவகாரம் அல்லதான். ஆனாலும் 'கழிவு அகற்றப்பட்டது' என்று எந்த அறிக்கையில் படித்தாலும், 'அகற்றி எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்?' என்று கேட்க அது நமக்குக் கற்றுக்கொடுத்தது.

சமூகம் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. அங்கே இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவுப் பிரச்சினை வெடித்து 2001இல் மூடப்பட்டது. அங்கு வேலை செய்த 591 பேருடன் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது 2016இல்தான். நிர்வாகம் என்பதற்கு ஹைதராபாத் சத்யம் கம்பெனி. சிறந்த நிர்வாகத்துக்கென்று 2008இல் கோல்டன் பீகாக் விருது வாங்கியது. 2009 ஜனவரி 7ஆம் தேதி, கணக்குகள் பொய் என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். விருது கொடுத்தவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இங்கேதான் என் கேள்வி எழுகிறது. எண்களை அளந்தது யார்?

ரயில்வேயின் வழக்கமான முறைப்படி, மண்வேலையோ கட்டட வேலையோ செய்த கான்ட்ராக்டர் தன் வேலையைத் தானே அளந்து பில் போட முடியாது. ரயில்வே ஊழியர் அளந்து மெஷர்மென்ட் புக்கில் தேதியோடு எழுதிக் கையெழுத்திடுவார். மேலதிகாரி அதில் ஒரு பகுதியை நேரில் போய் மறுபடி அளப்பார். அதற்கு டெஸ்ட் செக் என்று பெயர். கான்ட்ராக்டர்கள் எல்லோரும் திருடர்கள் என்பதால் வந்த ஏற்பாடு அல்ல இது. பணம் பெறுகிறவரே அளவும் எழுதினால், வேலிக்கு ஓணான் சாட்சி என்றாகிவிடும்.

செபிக்கும் இது தெரியும். ஆகவே 2023இல், முக்கியமான எண்களை வெளியார் ஒருவர் சரிபார்த்து உறுதி கூற வேண்டும் என்றது. முதலில் 150 கம்பெனிகள், பிறகு படிப்படியாக 1000 என்று திட்டம். சரக்கு கொடுப்போர், வாங்குவோர் விவரங்களும் வர வேண்டும் என்றது. ஆனால் 2025இல் பிடி தளர்ந்தது. உறுதி கூறுவதற்குப் பதில் 'மதிப்பீடு' இருந்தாலும் போதும், சரக்கு கொடுப்போர் விவரம் விருப்பப்பட்டால் தரலாம் என்றாகிவிட்டது. செலவும் சிரமமும் குறையும் என்பது கம்பெனிகளின் வாதம். சிறிய சப்ளையர்களுக்கு அது நியாயமும்கூட. ஆனால் பெரிய கம்பெனிகளுக்கு டெஸ்ட் செக் ஒரு சுமை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்பத்தக்க அளவுகள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பெரியாற்றில் பார்த்தோம். 2024 மே மாதம் ஏலூர், எடையாறு பகுதியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டில் மீன் வளர்த்தவர்களின் முதலும் அதோடு போயிற்று. பாதாளம் ஷட்டரைத் திறந்ததில் தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அம்மோனியாவும் சல்ஃபைடும் அளவு மீறியிருந்தன என்றது மீன்வளப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் நடுவே நின்றவர் மீன் வளர்த்தவர். ஒவ்வொரு ஆலையின் கழிவுநீரையும் வெளியார் அன்றாடம் அளந்து ஊரறியப் போட்டிருந்தால் இந்த வழக்காட வேண்டிய நிலை வந்திருக்காது.

ஆகவே அன்பர்களே, உங்கள் கையில் ஒரு பங்கு இருந்தாலும் அறிக்கையைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். 'ஒரு ரூபாய் விற்பனைக்கு இவ்வளவு தண்ணீர்' என்ற விகிதத்தோடு நிற்காமல் மொத்தத் தண்ணீரைப் பாருங்கள். விற்பனை இரட்டித்தால், தண்ணீர் கூடினாலும் விகிதம் இறங்கிக் காட்டும். விபத்துக் கணக்கில் ஒப்பந்தத் தொழிலாளரும் சேர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியாக, சரிபார்த்தவர் பெயர் இருக்கிறதா, எந்தெந்த எண்களைச் சரிபார்த்தார் என்று பாருங்கள். இல்லையென்றால் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்கும் உரிமை நமக்கு உண்டு.