சுவர் அவருடையது, பார்வை யாருடையது?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. இன்றைய நகரங்களிலோ சித்திரத்துக்காகவே சுவர் எழுப்புகிறார்களோ என ஐயுற வேண்டியிருக்கிறது. சென்னை அண்ணா சாலையில் வானத்தை மறைத்து நின்ற விளம்பரப் பலகைகளை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். உரிமம் கோரும் தமிழகச் சட்டம் செல்லும் என 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அவற்றில் பெரும்பாலானவை இறங்கின. ஆயினும் வழக்கு முடிந்ததே தவிர, வாதம் முடியவில்லை.

கட்டட உரிமையாளர் பக்கமும் நியாயம் உண்டு. கடன்பட்டுக் கட்டிய கட்டடத்தின் மொட்டை மாடியை வாடகைக்கு விட அவருக்கு உரிமை இல்லையா? வணிக விளம்பரமும் பேச்சுரிமையின் ஒரு கூறே என்று 1995-இல் டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. அச்சிடுவோர், சாரம் கட்டுவோர் எனப் பலர் வீட்டு அடுப்பு இத்தொழிலால் எரிகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால், அவர் உண்மையில் வாடகைக்கு விடுவது எதை? ஆளரவமற்ற காட்டில் அதே சுவர் நின்றால் அதற்குக் காலணா கிடைக்குமா? வழிப்போக்கரின் பார்வைதான் அங்கே விலைபோகிறது. சாலை மக்களின் வரிப்பணத்தில் போட்டது, பார்வை மக்களுடையது, வாடகை மட்டும் ஒருவருக்கு! எதிர்வீட்டாருக்குக் கிடைப்பவை இரவெல்லாம் சன்னல் வழியே பாயும் ஒளியும், பலமாகக் காற்றடிக்கும்போதெல்லாம் எழும் அச்சமும்தான்.

அந்த அச்சம் வீண் அச்சமன்று. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பதாகை சரிந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம் பெண் ஒருவர் கீழே விழுந்து லாரியில் சிக்கி உயிரிழந்தார். 2024 மே 13-இல் மும்பை காட்கோபரில் புயற்காற்றில் ஒரு ராட்சதப் பலகை பெட்ரோல் நிலையத்தின்மீது சாய்ந்து 17 பேரைப் பலிகொண்டது. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. அந்தப் பலகையோ 120 அடிக்கு 120 அடி. அதாவது பரப்பில் ஒன்பது மடங்கு! விதி இல்லாமலா போயிற்று? விதியைக் காப்பார் இல்லாமல் போயிற்று.

பிரேசிலின் சாவோ பாலோ நகரம் 2007-இல் வெளிப்புற விளம்பரப் பலகைகளை அறவே ஒழித்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உரிமம் வழங்குமுன் தெருவாசிகளின் ஆட்சேபணையைக் கேட்கட்டும். அதற்கு 2022-இல் தோன்றிய நகர்ப்புறப் பகுதி சபைகளே ஏற்ற இடம். உரிம எண், அளவு, காலாவதி நாள், பொறியாளர் உறுதிச் சான்றின் தேதி ஆகியவை பலகையின் அடியிலேயே எவரும் படிக்கும்படி இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு மேல் விளக்கு அணையட்டும். உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தத் தெருவுக்கே செலவாகட்டும்.

இவை உரிமையாளரின் உரிமையைப் பறிப்பன அல்ல. முறைப்படி நடப்பவரைக் காப்பன. அதிகாரி ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். தெருவாசியோ நாள்தோறும் பார்க்கிறார். அவரைவிடச் சிறந்த காவலர் யார்? பார்வையை விலைபேசுகிறவர்கள், பார்ப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்பதுதானே முறை!